‘ராணுவத் தர’ ஓட்டுப்பெட்டியும் ஒரு எக்செல் ஷீட்டும்: இரண்டு ஆன்லைன் ஓட்டு சேவைகளைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 186 வீடுகள். உரிமையாளர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. துபாய், சிங்கப்பூர், நியூ ஜெர்சி என்று இருக்கிறார்கள். ஆனால் சங்கத் தேர்தல் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் எல்லாரும் எதிர்வீட்டில் குடியிருப்பது மாதிரிதான் சண்டை போடுவார்கள். கிளப் ஹவுஸில் சீட்டு எழுதி பிஸ்கட் டின்னில் போடும் பழைய முறை இனி ஆகாது, வெளியூர்க்காரர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று போன வருடம் முடிவாகி, காசு கொடுத்து ஒரு ஆன்லைன் ஓட்டு சேவையை எடுத்தார்கள். இந்த வருடம் அதை விட்டுவிட்டு ஹீலியோஸ் என்ற இலவச மென்பொருளில் நடத்தினோம். இரண்டையும் கிட்ட இருந்து பார்த்ததால் எழுதுகிறேன். காசு வாங்கிய கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே விளம்பர வாசகங்களோடு இன்னும் பல கம்பெனிகள் இருக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

நான் கிரிப்டோகிராபி, அதாவது தகவலைக் கணக்கால் பூட்டும் வித்தை, படித்தவன் இல்லை. மென்பொருள் டெஸ்டிங் வேலை, அடுத்தவர் கட்டியதை உடைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு.

டெமோவுக்கு ஒரு பையன் வந்தான், நன்றாகவே பேசினான். புரொஜெக்டரில் ஒரு தங்கப் பூட்டு, அதைச் சுற்றி நீல நிற மின்னல். ராணுவத் தர 256 பிட் என்கிரிப்ஷன், பிளாக்செயின், ஐஎஸ்ஓ சான்றிதழ், நூறு சதவீதம் ஹேக் செய்ய முடியாதது, இதுவரை ஒரு புகார்கூட இல்லை. எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். ஏ பிளாக்கில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் இருக்கிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்: “பூட்டு சரி தம்பி, சாவி யார்கிட்ட இருக்கும்?” பையன் யோசிக்கவே இல்லை. “எங்க கிளவுட்லதான் சார், ரொம்ப பத்திரமா இருக்கும்.” மேனேஜர் சிரித்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முப்பது வருடம் லாக்கர் சாவியைக் கையில் வைத்திருந்த மனிதர், அந்த ஒரு பதிலே அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்கு அது உறைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது.

தேர்தல் நாளன்று ஓடிபி வந்தது, பெயரைத் தொட்டேன், ஓட்டுப் போட்டாயிற்று. இருபது நொடி வேலை, அதில் குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒரு மெயில் வந்தது. ‘நன்றி, உங்கள் வாக்கு பதிவானது’ என்று எழுதி, கீழே நான் யாருக்குப் போட்டேன் என்று பெயரோடு போட்டிருந்தார்கள். ரசீதாம். அந்த ரசீதுக்கு ஒரு லிங்க், லிங்கின் கடைசியில் நான்கு இலக்க எண். கை சும்மா இருக்குமா? எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன். வேறு ஒரு வீட்டின் ரசீது திறந்தது. வீட்டு எண், போட்ட ஓட்டு, போட்ட நேரம், எல்லாம். உடனே மூடிவிட்டு செயலாளருக்கு போன் போட்டேன். மறுநாள் கம்பெனி சரி செய்துவிட்டதாகச் சொன்னது. லிங்கில் எண்ணுக்குப் பதில் நீளமான எழுத்துக்கூட்டம் வந்திருந்தது, அவ்வளவுதான். ராணுவத் தர என்கிரிப்ஷன் அப்போதும் இருந்தது, ஓட்டெல்லாம் டேட்டாபேஸில் பத்திரமாகப் பூட்டித்தான் இருந்தது. என்ன, யார் வந்து கேட்டாலும் சர்வரே மரியாதையாகத் திறந்து காட்டியது.

இன்னொன்று பிறகுதான் தெரிந்தது. நிர்வாகியின் திரையில் ஓட்டு எண்ணிக்கை நேரலையாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யார் முன்னணி, இன்னும் யார் போடவில்லை என்று பார்த்துப் பார்த்து மாலை ஆறு மணிக்கு மேல் போன் போட்டிருக்கிறார்கள். தோற்ற அணி கொதித்துப் போனது. மறு எண்ணிக்கை கேட்டார்கள். கம்பெனி இரண்டு பக்க பிடிஎஃப் அனுப்பியது, தங்க நிற முத்திரையோடு: ‘முறைகேடு எதுவும் கண்டறியப்படவில்லை’. கண்டறிந்தது யார்? அதே கம்பெனி.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கேள்வி பிடிபட்டது. இந்த மாதிரி சேவைகளின் ஒவ்வொரு விளம்பர வாசகத்தையும் அதை வைத்தே இப்போது உரசிப் பார்க்கிறேன்: “நீங்கள் பொய் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்?” ஜெயித்தவருக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. தோற்றவருக்குத்தான் தேவை, தேர்தல் என்பதே அவருக்குப் பதில் சொல்லத்தான் நடக்கிறது.

256 பிட் என்பதை எடுத்துக்கொள்வோம். என்கிரிப்ஷன் என்றால் தகவலை ஒரு ரகசிய எண்ணால் பூட்டுவது; அந்த எண்தான் சாவி, பிட் என்பது அதன் நீளம். ஏஇஎஸ் என்ற முறையில் 256 பிட் சாவி என்றால் அது உண்மையிலேயே உறுதியானது, அதை யாரும் முட்டி மோதித் திறந்ததில்லை. பொய்யில்லை. ஆனால் எண்ணை மட்டும் சொல்லி முறையைச் சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. 2019ல் மாஸ்கோ நகரசபைத் தேர்தலுக்கு இன்டர்நெட் ஓட்டு கொண்டுவந்தார்கள், அதுவும் பிளாக்செயினோடு. அதில் எல்கமால் என்ற பொதுச்சாவி முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள் (பூட்டும் சாவி ஊருக்கே தெரியும், திறக்கும் சாவி மட்டும் ரகசியம்), சாவியின் அளவு 256 பிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. பியரிக் கோட்ரி என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வெளியிடப்பட்ட சோர்ஸ் கோடை (மென்பொருளின் மூல நிரலை) பார்த்துவிட்டு, சாதாரண கம்ப்யூட்டரில், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்தே, சுமார் 20 நிமிடத்தில் அந்தச் சாவியை உடைக்கலாம் என்று காட்டினார். பாதுகாப்புக்கு மூன்று அடுக்காக அதே எல்கமாலைப் போட்டிருந்தார்கள். மூன்று தொட்டாச்சிணுங்கியைச் சேர்த்து நட்டால் வேலி ஆகிவிடுமா? மாஸ்கோவில் போட்ட ரக எல்கமாலில் அந்த 256 என்ற எண் ஏஇஎஸ்ஸின் 256க்குப் பக்கத்தில்கூட வராது, குறைந்தது 2048ஆவது வேண்டும். எங்களுக்கு டெமோ காட்டிய பையனிடம் எந்த முறை என்று மெயிலில் கேட்டேன். ‘லேட்டஸ்ட் முறை சார்’ என்று பதில் வந்தது.

பிளாக்செயின் கதை இன்னும் சுவாரசியம். பதிவுகளை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோர்த்துப் பல கம்ப்யூட்டர்களில் வைக்கும் பதிவேடு அது. எழுதியதை அழிக்க முடியாது என்பது ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் பொய்யைக் கல்வெட்டில் வெட்டினால் அது நிரந்தரமான பொய் ஆகும், மெய் ஆகாது. நான் தொட்ட பெயரும் சங்கிலியில் ஏறிய பெயரும் ஒன்றுதானா என்பதுதான் கேள்வி, அதற்கு பிளாக்செயினிடம் பதில் இல்லை. அமெரிக்காவில் வோட்ஸ் என்று ஒரு மொபைல் ஆப், 2018ல் மேற்கு வர்ஜீனியா மாநிலம் வெளிநாட்டில் இருந்த தன் ராணுவ வாக்காளர்களுக்குக் கொடுத்தது, பிளாக்செயின்தான் அதன் பெரிய பெருமை. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் அந்த ஆப்பைப் பிரித்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓட்டு ஏதோ ஒரு பிளாக்செயினில் ஏறியது என்பதற்கான எந்தப் பதிவையும் அந்த ஆப் வாங்கிச் சரிபார்ப்பதாகவே தெரியவில்லை. போனைக் கைப்பற்றியவன் ஓட்டை மாற்றலாம், சர்வரைக் கைப்பற்றியவனும் மாற்றலாம். இன்னும் மோசம், நடுவில் நெட்வொர்க்கைச் சும்மா வேடிக்கை பார்ப்பவன்கூட என்கிரிப்ட் ஆகிப் போகும் தகவலின் நீளத்தை வைத்து யாருக்கு ஓட்டு என்று யூகிக்க வழியிருந்தது. உறை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் உறையின் கனத்தைப் பார்த்தே உள்ளே யார் பெயர் என்று தெரிந்துவிடுகிறது! கம்பெனி அதை மறுத்தது. அடுத்த மாதமே, கம்பெனிக்காகத் தணிக்கை செய்த டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற நிறுவனம் அந்தக் குறைகள் உண்மை என்று உறுதி செய்துவிட்டது. மேற்கு வர்ஜீனியா அந்த ஆப்பைக் கைவிட்டது.

‘இதுவரை யாரும் ஹேக் செய்ததில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது வாஷிங்டன் டி.சி.யின் 2010 கதை. அதுவும் வெளிநாட்டு வாக்காளர்களுக்கான இன்டர்நெட் ஓட்டுதான், எங்கள் நியூ ஜெர்சிக்காரர்கள் மாதிரி. நிஜத் தேர்தலுக்கு முன்னால் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு ‘முடிந்தால் உடைத்துப் பாருங்கள்’ என்றார்கள். இந்த இடத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும், நம் கம்பெனிகள் செய்வார்களா? மிஷிகன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் ஹால்டர்மன் என்ற பேராசிரியரும் மாணவர்களும் 48 மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட்டார்கள். அது வரைக்கும் விழுந்த ஓட்டு, அதற்கு மேல் விழும் ஓட்டு, எல்லாவற்றையும் மாற்றி, அறிவியல் புனைகதைகளில் வரும் ரோபோக்களை ஜெயிக்க வைத்தார்கள். ஓட்டுப் போட்டு முடித்த பதினைந்து நொடியில் தங்கள் கல்லூரிப் பாட்டு ஒலிக்கும்படியும் செய்து வைத்தார்கள். பாட்டு ஒலித்தும்கூட அதிகாரிகளுக்கு விஷயம் தெரியக் கிட்டத்தட்ட இரண்டு வேலை நாள் ஆனது. பாட்டுப் போடாமல் கமுக்கமாக இருந்திருந்தால் அந்த சிஸ்டமும் ‘இதுவரை யாரும் ஹேக் செய்ததில்லை’ பட்டியலில்தான் இருந்திருக்கும்.

அவர்கள் எந்த வழியாக நுழைந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த சிஸ்டத்தில் என்கிரிப்ஷன் இல்லாமல் இல்லை. வாக்காளர் நிரப்பிய ஓட்டுச்சீட்டு பிடிஎஃப்பாக சர்வருக்கு ஏறும், சர்வர் அதை உடனே என்கிரிப்ட் செய்யும். அப்படிச் செய்ய ஓடும் கட்டளையில் கோப்பின் பெயரும் போகும். அந்தப் பெயரின் வாலில், .pdf என்று இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கட்டளையை ஒளித்து வைத்தால் சர்வர் அதையும் சேர்த்து நிறைவேற்றிவிட்டது. அதாவது ஓட்டைப் பூட்டுகிற அந்தப் படியேதான் ஓட்டையாக இருந்தது. டெஸ்டிங் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இது முதல் நாள் பார்க்க வேண்டிய விஷயம்.

ஐஎஸ்ஓ 27001 பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. நிறுவனம் தகவல் பாதுகாப்பை ஒரு ஒழுங்கோடு நிர்வகிக்கிறது என்பதற்கான சான்றிதழ் அது, ஓட்டு சரியாக எண்ணப்பட்டது என்பதற்கானது அல்ல. ஹோட்டல் லைசென்ஸைக் காட்டி சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ‘எங்கள் அல்காரிதம் ரகசியம்’ என்பது இன்னும் பழைய வியாதி. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், முறை எதிரிக்குத் தெரிந்தாலும் தாங்க வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883லேயே எழுதிவிட்டார்.

சோர்ஸ் கோடை வெளியே வைத்தால் மானம் போகுமே என்பீர்கள். போகும்தான். சுவிட்சர்லாந்து தபால் துறை 2019ல் தன் இன்டர்நெட் ஓட்டு முறையைப் பொதுச் சோதனைக்கு விட்டது. எவர் வேண்டுமானாலும் கணித ரீதியாகச் சரிபார்க்கலாம் என்பது அதன் வாக்குறுதி. சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனெசா டீக் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் கோடைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பவர் ஓட்டுகளை மாற்றிவிட்டு ‘மாற்றவில்லை’ என்ற கணித நிரூபணத்தையும் கச்சிதமாகத் தயாரித்துவிட முடியும் என்று காட்டினார்கள். வேறு சிலரும் அதையே தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஜூலையில் அந்த முறை நிறுத்தி வைக்கப்பட்டது. என்னைக் கேட்டால் இது அவமானம் இல்லை. பொய் சொன்னால் தெரியுமா என்ற கேள்விக்கு ‘தெரியும்’ என்று சொல்லும் அமைப்பு இப்படித்தான் வேலை செய்யும், தன்னையே காட்டிக்கொடுத்து.

“நாடே மெஷினில் ஓட்டுப் போடுது, உங்களுக்கு என்ன சார் பிரச்சினை?” என்று குரூப்பில் ஒருவர் கேட்டார். வாக்குப்பதிவு எந்திரம் வேறு ரகம், அதைப் பற்றிய புகழும் வசையும் இரண்டுமே மிகை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்கிய வேலையில் இருந்த இன்ஜினியர் ரங்கராஜன் நமக்கெல்லாம் சுஜாதாவாகத் தெரிந்தவர் என்பதால் தமிழர்களுக்கு அதில் ஒரு தனிப் பாசம் உண்டு, அது இருக்கட்டும். அதன் பலம் எந்த நெட்வொர்க்கிலும் அது இல்லாதது, எந்திரங்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பது, ஏஜெண்டுகள் சீலில் கையெழுத்துப் போடுவது, எத்தனை ஓட்டு விழுந்தது என்ற 17சி படிவத்தின் நகல் அவர்கள் கையில் இருப்பது. ‘இன்டர்நெட் இல்லை, அதனால் ஹேக் செய்யவே முடியாது’ என்பது மட்டும் தப்பு. 2010ல் இந்திய இன்ஜினியர் ஹரி பிரசாத்தும் (மறுபடியும்) அந்த ஹால்டர்மனும் நெதர்லாந்தின் ரோப் ஹோங்க்ரைப்பும் சேர்ந்து, எந்திரத்தைத் திறக்க நேரம் கிடைத்தால் டிஸ்ப்ளேயை மாற்றி வைத்து எண்ணிக்கையைத் திரிக்கலாம் என்று நிஜ எந்திரத்தில் காட்டினார்கள். ஆனால் ‘எங்கிருந்தோ ஒரு பட்டனைத் தட்டி லட்சம் மெஷினை மாற்றிவிட்டார்கள்’ என்று ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வரும் ஃபார்வர்டுக்கு அந்தச் சோதனை ஆதாரம் ஆகாது. எந்திரம் கையில் கிடைக்க வேண்டும், ஒவ்வொன்றாக. அதற்குப் பின் விவிபேட் என்ற சீட்டு அச்சிடும் கருவி வந்தது, போட்ட ஓட்டின் சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு எந்திரத்தின் சீட்டுகள் என்று எண்ணிக்கொண்டிருந்ததை 2019ல் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. நூறு சதவீதம் எண்ண வேண்டும் என்ற கோரிக்கை 2024 ஏப்ரலில் தள்ளுபடியானது. ஐந்து போதுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதைக் கேட்பதற்கு கிரிப்டோகிராபி தெரிய வேண்டியதில்லை, அதுவே இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009ல் தங்கள் நாட்டு எந்திரங்களை நிராகரித்தபோது சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான்: முக்கியமான படிகளை, தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தானே சரிபார்க்க முடிய வேண்டும்.

சரி, ஹீலியோஸுக்கு வருவோம்.

பென் அடிடா என்பவர் எழுதி 2008ல் வெளியிட்டது. இலவசம், சோர்ஸ் கோடு திறந்தே இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009ல் தன் தலைவர் தேர்தலையே இதில் நடத்தியது. பார்ப்பதற்குப் பதினைந்து வருடப் பழைய வெப்சைட் மாதிரிதான் இருக்கும். போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். தமிழ் கிடையாது. ஓட்டுப் போடும் விவரத்தோடு வாக்காளர்களுக்குப் போன எங்கள் மெயில்களில் பதினொன்று ஸ்பாம் கூடையில் போய் விழுந்தன, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு “ஸ்பாம்ல பாருங்க மாமி” என்று சொல்லியே என் சனிக்கிழமை தீர்ந்தது. இந்த விஷயத்தில் காசு வாங்கிய கம்பெனி பத்து மடங்கு மேல்.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. நான் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் என்கிரிப்ஷன் என் பிரவுசரிலேயே நடந்துவிடுகிறது, சர்வருக்குப் போவது பூட்டிய பெட்டிதான். முடிந்ததும் ஒரு டிராக்கர் எண் வருகிறது, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வால். அது யாருக்குப் போட்டேன் என்பதைச் சொல்லாது, அந்தப் பூட்டிய பெட்டியின் கைரேகை மட்டும்தான். தேர்தல் பக்கத்தில் எல்லா டிராக்கர் எண்களும் பட்டியலாகத் தொங்குகின்றன, என்னுடையது அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். போன வருட ‘ரசீது’க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். அந்த ரசீதைக் காட்டி ஒருவன் காசு வாங்கலாம், அல்லது காட்டச் சொல்லி ஒருவன் மிரட்டலாம்.

பிரவுசரே பொய் சொன்னால்? நான் ஒருவரைத் தொட, அது இன்னொருவரைப் பூட்டி அனுப்பினால்? அதற்கு ஒரு அழகான தந்திரம் இருக்கிறது, ஜோஷ் பெனலோ என்ற ஆராய்ச்சியாளர் 2006ல் முன்வைத்தது. பெட்டியைப் பூட்டி டிராக்கர் எண்ணைக் காட்டிய பிறகுதான், ‘போடுகிறாயா, சோதிக்கிறாயா?’ என்று கேட்கும். சோதிக்கிறேன் என்றால் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். திறந்த பெட்டி செல்லாது, மறுபடி புதிதாகப் பூட்ட வேண்டும். எந்த முறை நான் சோதிப்பேன், எந்த முறை போடுவேன் என்று பிரவுசருக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால் ஏமாற்றினால் மாட்டிக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. காய்கறிக் கடையில் மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து உடைத்துப் பார்ப்பது மாதிரி. நான் மூன்று தடவை சோதித்தேன். திரை நிறைய எண்கள் கொட்டும், அதை அப்படியே காப்பி செய்து தனிச் சரிபார்ப்புப் பக்கத்தில் ஒட்டினால் நான் தொட்ட பெயர் வந்து நிற்கும், டிராக்கர் எண்ணும் பொருந்தும். நான்காவது தடவை போட்டேன். 141 பேர் ஓட்டுப் போட்டார்கள். விசாரித்துப் பார்த்ததில் என்னோடு சேர்த்து நான்கு பேர்தான் சோதித்திருக்கிறார்கள். மற்றவர்கள் அந்தப் பட்டனைக் கண்டு பயந்திருக்கிறார்கள். ‘ஆடிட்’ என்றதும் இன்கம் டாக்ஸ் நினைவு வந்துவிட்டதாம்.

எண்ணும் விதம்தான் மந்திரம் மாதிரி இருக்கிறது. பெட்டிகளைத் திறப்பதே இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் 1 அல்லது 0 பூட்டப்பட்டிருக்கும்; எல்கமாலில் ஒரு வசதி, பூட்டிய எண்களைப் பூட்டியபடியே சேர்த்துக் கூட்டுத்தொகையைப் பெறலாம், அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் கடைசியில் திறந்தால் போதும். அப்படியானால் கெட்டிக்காரன் ஒருவன் 1க்குப் பதில் 50ஐப் பூட்டி அனுப்ப மாட்டானா என்றால், ‘உள்ளே இருப்பது 0 அல்லது 1தான், எது என்று சொல்ல மாட்டேன்’ என்பதற்கான நிரூபணமும் ஒவ்வொரு பெட்டியோடும் ஒட்டி வர வேண்டும். இந்த நிரூபணங்களில் ஹீலியோஸும் சறுக்கியிருக்கிறது. விடையை எழுதிவிட்டு அதற்கேற்ற கேள்வியை நிரப்பிக்கொள்ள இடம் கொடுக்கும் மாதிரியான ஓட்டை, 2012ல் வெளியே வந்தது. அதைச் சொன்னவர்களில் ஒருவர் பெரேரா, லூவேன் தேர்தலில் அடிடாவோடு வேலை செய்த அதே ஆள், ஏழு வருடம் கழித்து சுவிஸ் முறையில் இதே இனத்து ஓட்டையைக் கண்டுபிடித்த அதே ஆள்.

சாவிக்கு வருகிறேன், மேனேஜர் கேட்ட கேள்வி. ஹீலியோஸில் கூட்டுத்தொகையைத் திறக்கும் சாவியை டிரஸ்டிகள் எனப்படும் பொறுப்பாளர்கள் பலரிடம் பிரித்து வைக்கலாம், ஒவ்வொருவரும் தன் சாவியைத் தன் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிக்கொள்கிறார். எல்லாரும் கூடினால்தான் திறக்கும், நடுவில் ஒருத்தருக்கும் எண்ணிக்கை தெரியாது. ஆகவே ஆறு மணி போன் கால்களும் கிடையாது. ஆனால் ‘எல்லாரும்’ என்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. உலகக் கிரிப்டோகிராபி ஆராய்ச்சியாளர்களின் சங்கமான ஐஏசிஆர் 2010 முதல் ஹீலியோஸில்தான் தன் தேர்தலை நடத்துகிறது. 2025 தேர்தலில் மூன்று டிரஸ்டிகளில் ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார். திரும்பக் கிடைக்கவே இல்லை. ஓட்டெல்லாம் பத்திரமாக இருந்தது, கடவுளே வந்தாலும் திறக்க முடியாத அளவுக்குப் பத்திரமாக. முடிவை அறிவிக்க முடியாமல் மறுபடியும் தேர்தல் நடத்தினார்கள், இந்த முறை மூவரில் இருவர் போதும் என்று மாற்றிக்கொண்டு. உலகத்திலேயே சாவியைப் பற்றி அதிகம் தெரிந்த கூட்டத்துக்கு நடந்தது இது.

இந்தக் கதையை எங்கள் மூன்று டிரஸ்டிகளிடமும் முதல் நாளே சொன்னேன். மேனேஜர் இரண்டு பென் டிரைவில் எடுத்து ஒன்றை வங்கி லாக்கரில் வைத்துவிட்டார். எதிர் அணி நிறுத்திய டிரஸ்டி பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தார். பி பிளாக் டீச்சர் போனில் வைத்திருந்தார், தேர்தல் நடக்கும்போதே அந்த போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. ஒரு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. காலையில் பார்த்தால், மறந்துவிடக் கூடாதே என்று சாவியைத் தன் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறார். பாதுகாப்பு விதிப்படி மகா பாவம். அதுதான் எங்கள் தேர்தலைக் காப்பாற்றியது.

ஹீலியோஸ் காரர்களே இன்னொன்றைத் தங்கள் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான்: அரசாங்கத் தேர்தலுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அந்த அளவு தாக்குதலைத் தாங்கும் என்று நாங்களே நம்பவில்லை என்கிறார்கள். நாலு சுவருக்குள் அப்பா பக்கத்தில் நின்று “இவருக்குப் போடு” என்றால் அதைத் தடுக்கவும் வழியில்லை. மறுபடி போட்டால் கடைசி ஓட்டுதான் செல்லும் என்பது ஒரு சின்ன ஆறுதல். பூட்டிய பெட்டிகள் பொதுவில் கிடப்பதால் என்றாவது ஒருநாள் பூட்டு பலவீனமானால் இன்றைய ரகசியம் போகும், அதனால் பெயருக்குப் பதில் புனைபெயர் காட்டும் வசதியை மறக்காமல் போட்டுவிடுங்கள். ஓட்டே போடாதவர் பெயரில் சர்வர் ஒரு பெட்டியைச் செருகினால் அவர் போய்ப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். போடாதவர் எங்கே பார்க்கப்போகிறார்? இதைச் சரி செய்யத்தான் பிரான்சில் பெலேனியோஸ் என்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள், வாக்காளருக்கான ரகசிய அடையாளத்தைக் கொடுப்பவர் வேறு, ஓட்டு வாங்கும் சர்வர் வேறு. செய்தவர்களில் ஒருவர் அந்த மாஸ்கோ 20 நிமிடக் கோட்ரி. அடுத்த வருடம் அதைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மார்க் போட வேண்டுமென்றால், கட்டண சேவைக்கு வசதிக்காக ஐந்துக்கு நாலு, ஓட்டு விஷயத்தில் ஐந்துக்கு அரை. ஹீலியோஸுக்கு வசதியில் ஒன்றரை, ஓட்டு விஷயத்தில் நாலு. ஐம்பது வீட்டுக்குக் கீழே, எல்லாரும் உள்ளூரிலேயே இருந்தால், பிஸ்கட் டின்னை இரண்டு அணி ஆட்கள் முன்னால் திறந்து எண்ணுவதை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது.

முடிவு வந்த அன்று இரவு, 9 ஓட்டில் தோற்ற வேட்பாளர் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, காட்டச் சொல்லி வந்தார். காபி குடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். தன் டிராக்கர் எண்ணைப் பட்டியலில் விரலால் தேடிக் கண்டுபிடித்தார், மனைவி பங்குதாரராக இருக்கும் இன்னொரு வீட்டுடையதையும். கூட்டுத்தொகைக்கான நிரூபணத்தை நான் சரிபார்த்துக் காட்டினேன், எண்கள் பொருந்தின. “சரி, எண்ணினதுல தப்பில்ல, ஒத்துக்கறேன்” என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “ஆமா, எந்த வீட்டுக்கு எந்த மெயில் ஐடின்னு அந்த எக்செல் ஷீட்ல ஏத்தினது யாரு தம்பி?” என்று கேட்டார்.

செயலாளர்தான் ஏற்றினார். இரண்டு வருடமும்.